தாரை உடைக்கும் கல்லும் கரியும்

(மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

உங்களில் பலர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். அடுப்பு எரிப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று நான் பேசப் போவதும் ஓர் அடுப்பைப் பற்றித்தான். ஆனால் அது சோறு பொங்கும் அடுப்பு அல்ல. எஞ்சினை ஓட்டும் அடுப்பு.

விறகு, தேங்காய் மட்டை, நெல் உமி, பருத்தி மிளார் இவற்றை ஒரு மூடிய கலனில் போட வேண்டும். காற்றைக் குறைவாக விட்டு எரிக்க வேண்டும். அப்போது ஒரு வாயு வரும். அந்த வாயு எஞ்சினை ஓட்டும். எஞ்சின் மின்சாரம் தரும். இந்தக் கலனைக் கேசிபையர் என்பார்கள். நாம் வாயுக் கலன் என்று சொல்வோம்.

இப்படி ஒரு கலனை அரிசி ஆலைக்காரர் வைக்கலாம். சூளைக்காரர் வைக்கலாம். பஞ்சாயத்தே வைக்கலாம். நல்ல காரியம்தான். விளக்கு எரியும். சிலருக்கு வேலை கிடைக்கும். ஆனால் அந்தக் கலனின் பின்பக்கம் ஒரு கருப்புத் தண்ணீரும் வரலாம். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? குளத்துக்கா? கிணற்றுப் பக்கத்துக்கா? கலன் வருவதற்கு முன்பே இதை நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கு விஷயம் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

புகையும் எரியும்

ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். சிறிது நேரம் எரிய விட்டு, ஊதி அணையுங்கள். வெள்ளைப் புகை மேலே போகும். உடனே எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டுங்கள். புகை தீப்பிடிக்கும். தீ புகை வழியாக இறங்கி வந்து திரியைப் பற்றும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எரிவது வெறும் திரி அல்ல. சூட்டில் கிளம்பும் ஆவிதான் எரிகிறது. விறகும் அப்படித்தான். அதைச் சுட்டால் முதலில் ஈரம் போகும். பிறகு புகை கிளம்பும். கடைசியில் கரி மிஞ்சும்.

வாயுக் கலனில் இந்த வேலைகள் தட்டுத் தட்டாக நடக்கின்றன. ஒரு தட்டில் விறகு காய்கிறது. அடுத்த தட்டில் புகை விடுகிறது. அடுத்ததில் புகையின் ஒரு பங்கு எரிகிறது. கீழே செக்கச் சிவந்த கரி இருக்கிறது. நீராவியும் கரியமில வாயுவும் அந்தக் கரியின் மேல் பட்டால், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கின்றன. இவை இரண்டும் எரியும் வாயுக்கள்.

காற்று விட்டு ஓட்டும் கலனில், 100 பங்கு வாயுவில் ஏறக்குறைய 50 பங்கு நைட்ரஜன். அது எரியாது. 20 பங்கு கார்பன் மோனாக்சைடு. 15 முதல் 20 பங்கு ஹைட்ரஜன். மீதியில் கரியமில வாயுவும் கொஞ்சம் மீத்தேனும் இருக்கும். ஒரு கிலோ காய்ந்த விறகிலிருந்து சுமார் இரண்டரை கன மீட்டர் வாயு வரும்.

தார் என்னும் தொல்லை

விறகடுப்பு எரியும் வீட்டில் பரணைத் தொட்டுப் பாருங்கள். கையில் கருப்பாக ஒட்டும். சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. அதுதான் தார். விறகுப் புகையில் உள்ள கனமான ஆவிகள் குளிர்ந்து இப்படிப் பசையாகின்றன.

இந்தத் தாரில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை தெரியுமல்லவா? அதைச் செய்யப் பயன்படும் நாப்தலீன் இதில் இருக்கிறது. பினால் என்ற நச்சுப் பொருளும் இருக்கிறது. பினாயில் போல நெடி வருவது அதனால்தான்.

வாயு சூடாக இருக்கும்வரை தார் ஆவியாகவே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. வாயு குளிர்ந்ததும் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். குழாயை அடைக்கும். எஞ்சினுக்குள் போனால் வால்வில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றுவிடும். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் கருப்புப் பசை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சிறிய கலன் மணிக்கு 20 கிலோ விறகு எரிக்கிறது. 50 கன மீட்டர் வாயு தருகிறது. தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது. அப்படியானால் நாள் ஒன்றுக்கு 400 கன மீட்டர் வாயு.

வாயு கீழ்நோக்கி இறங்கி வரும் கலனில், ஒரு கன மீட்டரில் சுமார் 1 கிராம் தார் இருக்கும். ஆக ஒரு நாளைக்கு 400 கிராம்.

சூடான மணல் கொதித்துப் புரளும் கலனில் சுமார் 10 கிராம். ஆக 4 கிலோ.

வாயு மேல்நோக்கிப் போகும் கலனில் 100 கிராம் வரைகூடப் போகும். ஆக 40 கிலோ!

எஞ்சின் எவ்வளவு தாங்கும்? ஒரு கன மீட்டரில் 0.1 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதாவது ஒரு நாளைக்கு 40 கிராம். மீதித் தாரை எப்படியாவது நீக்கியாக வேண்டும்.

கழுவினால் போகுமா?

பல இடங்களில் வாயுவைத் தண்ணீரில் கழுவுகிறார்கள். தார் தண்ணீரோடு இறங்கிவிடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தார் எங்கே போனது? தண்ணீருக்குள் போனது. அழுக்குத் துணியைக் குட்டையில் துவைத்தால் துணி வெளுக்கும். அழுக்கு குட்டையிலேயே கிடக்கும். அது போலத்தான் இதுவும்.

நான் ஒரு முறை அப்படி ஓர் ஆலையைப் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம். பின்பக்கம் ஒரு மண் குழி. சிமெண்டுப் பூச்சு இல்லை. அதில் டீத்தூள் கொதித்த நிறத்தில் தண்ணீர். மேலே எண்ணெய் போல ஆடை. நெடி தூரத்திலேயே வந்தது. குழியை அள்ளும் அக்காவிடம் கையுறை இல்லை. "மழை பெய்தால் இது எங்கே போகும் அக்கா?" என்று கேட்டேன். கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினார். அங்கே ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

பினால் கலந்த தண்ணீர் மீனுக்கு ஆகாது. மனிதருக்கும் ஆகாது. தோலில் பட்டால் எரியும், புண்ணாகும். குடிநீரில் கலந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் தாரைக் கழுவுவது மட்டும் போதாது. தாரை உடைக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே, அது பிறந்த இடத்திலேயே உடைக்க வேண்டும்.

உடைக்கும் வழி

தார் என்பது பெரிய பெரிய மூலக்கூறுகள். அவற்றை உடைத்தால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். அதாவது தொல்லை தந்த தாரே எரிபொருளாக மாறிவிடும். இரட்டை லாபம்.

சூட்டால் மட்டும் உடைக்க வேண்டுமானால் 1000 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டுக்கு விறகு அதிகம் செலவாகும். கலனும் தாங்காது. ஆனால் ஓர் உதவியாளர் இருந்தால் 800 முதல் 900 டிகிரியிலேயே வேலை முடியும். அந்த உதவியாளருக்கு வினையூக்கி என்று பெயர்.

வினையூக்கி என்ன செய்கிறது? கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறார். பேச்சு முடிகிறது. அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். வினையூக்கியும் அப்படித்தான். தாரையும் நீராவியையும் தன் மேல் சேர்த்து வைக்கிறது. அவை மாறிப் போகின்றன. அது அப்படியே இருந்து அடுத்த தாரைக் கவனிக்கிறது. தரகராவது கமிஷன் வாங்குவார். இது அதையும் வாங்காது!

நிக்கல் என்ற உலோகம் இந்த வேலையை மிக நன்றாகச் செய்யும். ஆனால் விலை அதிகம். கந்தகம் பட்டால் கெட்டுவிடும். கெட்டதைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. அது நச்சு. கிராமத்துக் கலனுக்கு அது கட்டுப்படியாகாது. விலை குறைந்த உதவியாளர்கள் வேண்டும். அவர்கள் மண்ணிலும் மரத்திலும் இருக்கிறார்கள். மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதல் உதவியாளர்: கரி

இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. அப்போது நம் நாட்டில் பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. பேருந்தின் பின்னால் ஓர் உருளை இருக்கும். அதில் கரியைப் போட்டு மூட்டுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கரி பஸ் கதை சொல்லியிருப்பார்கள்.

ஏன் விறகைப் போடாமல் கரியைப் போட்டார்கள்? மூட்டம் போட்டுக் கரி சுடும்போதே தார் புகையாகப் போய்விடும். கரியில் தார் மிகக் குறைவு. ஆனால் அதில் நஷ்டமும் உண்டு. கரி சுடும்போது விறகின் சக்தியில் பெரும் பங்கு வீணாகிவிடும்.

பிறகு வந்த அறிஞர்கள் வேறு வழி கண்டார்கள். கலனுக்கு உள்ளேயே ஒரு சூடான கரிப் படுக்கை இருக்கட்டும். புகை முழுவதும் அதன் வழியாகவே வெளியே போகட்டும் என்றார்கள். கரியில் கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அதன் சாம்பலில் பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகளும் உண்டு. தார் அந்தத் துளைகளில் மாட்டிக்கொண்டு உடைகிறது. கரி தேய்ந்தாலும் கவலை இல்லை. மேலிருந்து வரும் விறகு புதுக் கரியாகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாத வினையூக்கி இது.

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் இந்த முறையில் ஒரு கலனை உருவாக்கியது. அதன் மேல்பக்கம் திறந்திருக்கும். காற்று மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போகும். வாயு நீண்ட சூடான படுக்கை வழியாகக் கீழே இறங்கும். அதனால் தார் குறையும்.

கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டத்தில், ஹொசஹள்ளி என்ற சிற்றூர் இருக்கிறது. 2003-ல் அங்கே 218 பேர் வாழ்ந்தார்கள். அந்த ஊரில் 1988 முதல் 2004 வரை வாயுக் கலன் வேலை செய்தது. 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. வீட்டு விளக்கு, குழாயில் குடிநீர், வயலுக்கு நீர், மாவு மில் எல்லாம் அதனால் நடந்தன. கடைசி ஆறு ஆண்டுகளில் 100 நாளுக்கு 85 நாளுக்கு மேல் விளக்கும் தண்ணீரும் கிடைத்தன. தாரை அடக்க முடியாமல் போயிருந்தால், இத்தனை ஆண்டு அந்த எஞ்சின் ஓடியிருக்குமா?

இரண்டாம் உதவியாளர்: டோலமைட்

டோலமைட் என்பது சுண்ணாம்புக் கல்லுக்குத் தம்பி போன்ற ஒரு கல். சுண்ணாம்புக் கல்லில் கால்சியம் மட்டும் முக்கியம். டோலமைட்டில் கால்சியத்தோடு மெக்னீசியமும் உண்டு. ஒடிசாவில் பீர்மித்ராபூர் பக்கம் இது கிடைக்கிறது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கமும் வெட்டி எடுக்கிறார்கள். இரும்பு ஆலைகளுக்கு இந்தக் கல் வண்டி வண்டியாகப் போகிறது. நிக்கல் கிலோ கணக்கில் விற்கும் பொருள். இது டன் கணக்கில் விற்கும் பொருள்.

வெட்டி எடுத்த கல்லை அப்படியே வைத்தால் பயன் குறைவு. சுட வேண்டும். காளவாயில் சுண்ணாம்பு சுடுவது போலத்தான். கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறும். 100 கிலோ சுத்தமான டோலமைட்டைச் சுட்டால் சுமார் 52 கிலோதான் மிஞ்சும். கரியமில வாயு இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். அந்தத் துளைகளில்தான் தார் உடைகிறது.

ஆய்வுக்கூடங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். சுட்ட டோலமைட் படுக்கை வழியாக, 800 முதல் 900 டிகிரி சூட்டில் வாயுவை விட்டார்கள். 100 பங்கு தாரில் 90 பங்குக்கு மேல் உடைந்தது.

குறையும் உண்டு. இது மெதுவான கல். மணல் போலக் கொதித்துப் புரளும் கலனில் போட்டால், உரசி உரசிப் பொடியாகிவிடும். அதனால் தனிக் கலனில், அசையாத படுக்கையாக வைப்பது நல்லது. இன்னொரு குறை, சூடு குறைந்தால் அது மறுபடி கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். பழைய கல்லாகி வேலையை நிறுத்திவிடும்.

மூன்றாம் உதவியாளர்: ஒலிவின்

ஒலிவின் என்பது பச்சை நிறக் கனிமம். இதில் மெக்னீசியம், இரும்பு, சிலிக்கா சேர்ந்திருக்கின்றன. சேலத்தில் மேக்னசைட் வெட்டும் இடத்தில் டூனைட் என்ற பாறை இருக்கிறது. அந்தப் பாறையில் பெரும் பகுதி ஒலிவின்தான்.

தாரை உடைப்பதில் ஒலிவின் டோலமைட்டைவிடக் கொஞ்சம் மந்தம். ஆனால் கெட்டியான கல். உரசினாலும் எளிதில் பொடியாகாது. ஆகவே புரளும் மணலுக்குப் பதிலாக இதையே போடலாம். சூட்டையும் சுமக்கும். தாரையும் உடைக்கும்.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்றொரு நாடு. அங்கே கியூசிங் என்ற சிறிய ஊர். அங்கே மரச் சில்லுகளை வாயுவாக்கும் நிலையம் 2002 முதல் 2016 வரை மின்சாரம் தந்தது. அதன் கலனில் ஒலிவின் மணல்தான் புரண்டது. அப்படியும் கொஞ்சம் தார் மிஞ்சியது. மிஞ்சியதை அவர்கள் தண்ணீரில் கழுவவில்லை. கடுகு இனத்து எண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் கழுவினார்கள். அழுக்கான திரவத்தை அந்த நிலையத்தின் நெருப்பிலேயே எரித்தார்கள். கருப்புத் தண்ணீர் வெளியே வரவில்லை. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கல்லை மட்டும் நம்பாதீர்கள்

"இந்தக் கல்லைப் போட்டால் போதும், தாரே வராது" என்று யாராவது விற்க வந்தால் உடனே பணம் கொடுக்காதீர்கள். கல் ஆறிப்போன வாயுவில் வேலை செய்யாது. வாயு 800 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நாளாக ஆகக் கல்லின் மேல் கரி படியும். அதை எரித்து நீக்க வேண்டும். அல்லது புதுக் கல் மாற்ற வேண்டும். சிறிய கிராமத்துக் கலனுக்குக் கரிப் படுக்கையே முதல் வழி. கல் படுக்கை பெரும்பாலும் பெரிய நிலையங்களுக்குப் பொருந்தும்.

கலனை ஓட்டுபவர் கையிலும் பாதி இருக்கிறது. ஈர விறகு போட்டால் கலன் குளிரும். கலன் குளிர்ந்தால் தார் கூடும். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். 100 கிலோவில் ஈரம் 15 கிலோ, மிஞ்சிப் போனால் 20 கிலோ. அதற்கு மேல் கூடாது. துண்டுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். எஞ்சினை மிகக் குறைந்த சுமையில் வெகு நேரம் ஓட்டினாலும் கலன் குளிர்ந்து தார் வரும். ஆகவே விறகு வெட்டிக் காய வைப்பவரும், ஓட்டுபவரும் பயிற்சி பெற வேண்டும். அந்தப் பயிற்சியை நம் ஊர்ப் பிள்ளைகளும் பெண்களும் கேட்டு வாங்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

இதை மட்டும் மறக்காதீர்கள். கலனில் வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூடிய அறையில் கசிந்தால் ஆளைக் கொல்லும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். உடனே வெளியே ஓட வேண்டும். கலன் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். தார் இல்லாத வாயுவிலும் இந்த நஞ்சு உண்டு.

சுட்ட டோலமைட்டும் சுட்ட சுண்ணாம்பு போலத்தான். தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கல் பொடியை அள்ளும்போது மூக்கை மூட வேண்டும். கையுறை போட வேண்டும். இவற்றைக் கொடுப்பது வேலை தருபவரின் கடமை.

நாம் கேட்க வேண்டியவை

நம் ஊருக்கு வாயுக் கலன் வருகிறது என்றால், கிராம சபையில் எழுந்து இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. வாயு எந்த வழியாகப் போகிறது? சூடான கரி அல்லது கல் படுக்கை உண்டா?

2. எஞ்சினுக்குப் போகும் வாயுவில் தார் எவ்வளவு? யார் அளந்தார்கள்?

3. கழுவும் தண்ணீர் எங்கே போகிறது? சிமெண்டுத் தொட்டி உண்டா? சுத்தம் செய்து அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவார்களா?

4. எடுத்த தாரையும் பழைய கல்லையும் என்ன செய்வார்கள்?

5. வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியும் கையுறையும் உண்டா? வாயு கசிந்தால் எச்சரிக்கும் கருவி உண்டா?

வாயால் சொல்லும் பதில் போதாது. எழுதி வாங்குங்கள். எழுதியதை நீங்களே படியுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். புரியாத இடத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

விறகு நம்முடையது. உழைப்பு நம்முடையது. குளமும் நம்முடையது. வெளிச்சம் வரட்டும். ஆனால் குளத்தைக் கருப்பாக்கிவிட்டு வர வேண்டாம். தாரை உடைக்கக் கரி இருக்கிறது, கல் இருக்கிறது. இரண்டும் நம் நாட்டிலேயே கிடைக்கின்றன.

 

கலந்து பேசுங்கள்

1. ஒரு கலன் மணிக்கு 40 கிலோ விறகு எரிக்கிறது. 1 கிலோவுக்கு இரண்டரை கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டரில் 1 கிராம் தார். 8 மணி நேரத்தில் எவ்வளவு தார் வரும்?

2. தாரைக் கழுவுவதற்கும் உடைப்பதற்கும் என்ன வேறுபாடு?

3. நம் ஊரில் வீணாகும் மட்டை, உமி, மிளார் எவ்வளவு? அவற்றை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?